அண்ணன் தறியில் நான் அறுத்த பாவு

என் அண்ணனின் தறியில் ஓடிக்கொண்டிருந்த பட்டுப் பாவை, அதன் நெடுக்கு இழைகள் அத்தனையையும், கத்தரிக்கோலால் அறுத்தவன் நான். சங்கத்தின் விதி அப்படி அறுக்கச் சொல்லவில்லை. பழி தீர்க்க அறுத்தேன். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி வேறெதுவும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அண்ணன் மாகறலில் தாய்மாமன் வீட்டில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினான்கு, எனக்கு ஐந்து. அன்று சின்ன காஞ்சிபுரத்து வீட்டில் தறிக்குழியில் இறங்கியவர், நான் சென்னையில் பொருளாதாரம் படித்து முடிக்கும்வரை எனக்காகவே நெய்தார். திரும்பி வந்த நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளரானேன். அண்ணனும் அதில் உறுப்பினர்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. அரசு தரும் மலிவு விலைப் பட்டைச் சங்கம் பாவாக்கிக் கொடுக்கும். நெய்த புடவைக்கு நிர்ணயித்த கூலி தரும். உறுப்பினர் வெளி வியாபாரிக்கு நெய்யக் கூடாது. வெளியிலோ அப்போது கூலி அதிகம். ஆண்டுக் கூட்டத்தில் அண்ணன் எழுந்தார்.

"நூல் வேணான்னு சொல்லலப்பா. பொடவைய எங்க விக்கறதுன்றத எங்க கிட்ட வுடுங்க. எங்க கூலிய கட்டி வெச்சீங்க, அரிசி வெலய யாரு கட்டி வெச்சாங்க?"

நான் விதியைப் படித்துக் காட்டினேன். அண்ணன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் நெய்ஞ்ச பொடவையில படிச்சிட்டு வந்து, எனக்கே வெல சொல்லிக்கினு இருக்கறான் பாருங்கப்பா!"

கொட்டகையே சிரித்தது. "செயலாளர் ஐயா, ஒரு இழ பிணைக்கத் தெரியுமா ஒங்களுக்கு?" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

எட்டு மாதம் காத்திருந்தேன். பாதி வீடுகளில் வியாபாரிகளின் பாவும் திருட்டுத்தனமாக ஓடுவது எனக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்தேன். அண்ணனின் இரண்டாவது தறியில் அது ஏறிய வாரம் மட்டும் விதிப் புத்தகத்தோடு போய் நின்றேன். சங்கத்துப் பாவை நெய்து முடித்த பிறகே உறுப்பினரை நீக்கலாம் என்பது விதி. இரண்டு புடவை பாக்கி இருந்தது. "இப்போதே" என்று கத்தரிக்கோலை எடுத்துச் சங்கத்துப் பாவை அறுத்தேன்.

ஒரு பாவு முடிந்தால், இழைகளைக் கோத்திருக்கும் விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் இழையைத் தறியிலேயே விட்டுவைப்பது எங்கள் வழக்கம். அடுத்த பாவை அதோடு இழை இழையாகப் பிணைக்கலாம். அது இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளையும் புதிதாகக் கோக்க வேண்டும். பகையாளியின் தறியில்கூட அந்த ஒரு சாணை யாரும் தொடமாட்டார்கள். அதையும் நான் உருவினேன்.

"தம்பி, அதையாச்சும் வுடுப்பா!" என்று அண்ணி கதறினார்.

"உருவட்டும்," என்றார் அண்ணன். "படிச்சவன். எதையும் அரகொறையா செய்யமாட்டான்."

ஏழு ஆண்டுகள் பேச்சில்லை. சந்தை நன்றாக இருந்தவரை, வெளிக் கூலியில் அண்ணன் மூன்றாம் தறி போட்டார். பிறகு பட்டு விலை தாறுமாறாக ஏற, வியாபாரிகள் பாவு தருவதை நிறுத்தினார்கள். அண்ணி வாலாஜாபாத் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனார். அரசு நூலில் சங்கத்துத் தறிகள் ஓடின. அண்ணனின் தறிகள் ஓசையற்றுக் கிடப்பதைக் கேட்கவே அவர் தெரு வழியாகச் சுற்றிப் போவேன்.

அதுவும் மாறியது. அரசு தள்ளுபடி நின்றதும் சங்கத்துக் கிடங்கில் புடவைகள் தேங்கின. பாவு கொடுக்க என்னால் முடியவில்லை. வெளிச்சந்தை மீண்டது. என் உறுப்பினர்கள் அண்ணன் வாசலில் நின்றார்கள். "செயலாளர கேட்டுக்கினு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் வியாபாரிகளிடம் வேலை பேசிக் கொடுத்தார்.

அரசும் சோறு போட்டது, கைவிட்டது. சந்தையும் அப்படியே. எதை எப்போது நம்புவதென்று நெய்கிறவன் முடிவு செய்யட்டும் என்பதே அண்ணன் கேட்டது. அதைக்கூட நான் தண்டிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் தண்டித்தேன்.

சங்கத்து நெசவாளி ஒருவரின் மனைவியிடம் இழை பிணைக்கக் கற்றுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

"புதுப் பாவை நான் பிணைக்கறேன் அண்ணா."

"பிணை."

இழை வழுக்காமலிருக்க விரலில் சாம்பல் தொட்டு மூன்று நாள் பிணைத்தேன். முடிந்ததும் கையால் தடவிப் பார்த்தார். குறையில்லை. கத்தரிக்கோலை எடுத்து, என் முடிச்சுகளின் ஓரமாகவே முழுவதையும் அறுத்தார்.

"வலிக்குதாடா?"

"வலிக்குது அண்ணா."

"ம். சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டு எழுந்தபோதுதான் பார்த்தேன். விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் இழை அப்படியே இருந்தது. மறுநாள் காலை, கூப்பிடாமலே போய் முதல் இழையிலிருந்து தொடங்கினேன். சற்று நேரத்தில் அண்ணன் எதிரே அமர்ந்து மறுகோடியிலிருந்து பிணைத்துவந்தார். அதன்பின் அவர் படுக்கையில் விழும்வரை அந்த வீட்டுப் பாவு எதையும் எங்கள் இருவரைத் தவிர வேறொருவர் பிணைக்கவில்லை.

கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், அவர் மறைந்த அன்று தறிகளை நிறுத்தி வந்து நின்ற தெருவினருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இழை பிணைக்கத் தெரியுமா என்று பின்வரிசையிலிருந்து என்னைக் கேட்டவரும் பாடைக்குத் தோள் கொடுத்தார். ஐயா, இப்போது தெரியும்.