ஊசியை மாற்றினேன், குழாயை மாற்றவில்லை

கோவளத்தில் நாற்பது வருஷத்துக்கு முன்னால் உடம்பு சரியில்லாமல் போன யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். டாக்டர் பெயர் மறந்திருக்கும். ஊசிக்காரம்மா என்றால் என் வீட்டைக் காட்டுவார்கள். நான் படித்தது மூன்றாவது வரைக்கும்தான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப் பொழுது போய்விடும். அப்படிப்பட்டவள் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பதினோரு வருஷம் ஒரு கிளினிக்கில் நின்றேன் என்றால் பெருமை இருக்காதா? இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே அறை, அதுதான் கிளினிக். டாக்டர் சாயங்காலம் மெட்ராஸிலிருந்து வருவார். மருந்து ஏற்றுகிற கண்ணாடிக் குழாயையும் அதன் முனையில் மாட்டுகிற ஊசிகளையும் ஸ்டவ்வில் கொதிக்க வைப்பது என் வேலை. மருந்தை ஏற்றிக் குத்துவதையும் அவரே கற்றுக்கொடுத்தார். எனக்குக் கடிகாரம் பார்க்க வராது. ரேடியோவில் ஐந்து பாட்டு முடிகிறவரை கொதிக்க விடுவேன். அப்புறம் இடுக்கியால் எடுத்துத் தட்டில் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு மூடுவேன். அந்தத் தட்டை வேறு யாரும் தொட விடமாட்டேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஜனங்களுக்குத் திருப்தி இருக்காது. "இன்னா டாக்டரு, ஒரு ஊசி கூட போடலை" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால் தலைவலிக்கும் ஊசி, அசதிக்கும் ஊசி. காய்ச்சல் காலத்தில் வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். எங்களிடம் இருந்தது நாலே நாலு குழாய். ஒருத்தருக்குப் போட்டதும் ஊசியை மட்டும் கழற்றிவிட்டு, அதே குழாயில் வெந்த ஊசி ஒன்றை மாட்டி அடுத்தவருக்கு மருந்து ஏற்றுவேன். ஐந்து பாட்டும் அந்த மாதங்களில் இரண்டாகிவிடும். "ஆளுக்கு ஒரு ஊசி. வேற எங்க போனாலும் இப்படி மாத்த மாட்டாங்க" என்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன். அவர்களும் தலையாட்டுவார்கள்.

அந்த வரிசையில் சனிக்கிழமை தவறாமல் வருகிறவள் ஒருத்தி. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள். கேளம்பாக்கம் வரைக்கும் கூடை எடுத்துப் போய் மீன் விற்பாள். அலைச்சலுக்குச் சத்து ஊசி போட்டுக்கொண்டால் தெம்பாக இருக்கிறது என்பாள். எனக்குத் தங்கச்சி மாதிரி. எத்தனை பேர் நின்றாலும் அவளை முன்னால் கூப்பிட்டுவிடுவேன்.

"இன்னா யக்கா, எனக்குன்னா மட்டும் பெரிய ஊசியா பாத்து எடுக்கற? வஞ்சிரம் குடுக்கலைன்னு கோவமா?"

"வாய மூடிகினு திரும்பும்மே."

இப்படித்தான் சிரித்துக்கொண்டே எத்தனை வருஷம் போட்டேனோ, கணக்கில்லை. பிறகு பிளாஸ்டிக் ஊசி வந்தது, டாக்டரும் போய்ச் சேர்ந்தார், நான் வீட்டோடு இருந்துவிட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பள்ளிக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். மீன் விற்கிற அவளும் நானும் சேர்ந்துதான் போனோம். எனக்கு முன்னால் நின்றவர்களுக்கு முடிந்து என் முறை வந்தது. மேசையில் இருந்த நர்சுக்குப் பேத்தி வயது. அந்தக் காலத்துக் கண்ணாடி ஊசி போட்டுக்கொண்டது உண்டா, ரத்தம் ஏற்றியது உண்டா, பச்சை குத்தியது உண்டா என்று கேட்டாள். நான் விடுவேனா? நானே போட்டவள்தான் என்றேன். ஆளுக்கு ஒரு ஊசி மாற்றிப் போட்டதையும் சொன்னேன்.

"குழாய்?" என்றாள்.

"குழாய் அதேதான். அது உடம்புக்குள்ள போகாதே."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத ரத்தம் குழாய்க்குள் ஏறிவிடும் என்றாள். அதில் ஹெபடைடிஸ் சி என்கிற கிருமி இருந்தால் அடுத்த ஊசி வழியாக அடுத்தவருக்குப் போகும். உலகத்தில் எத்தனையோ ஊரில் இப்படித்தான் பரவியதாம். கூடச் சாப்பிட்டாலோ தொட்டாலோ வராது. ரத்தம் ரத்தத்தில் பட்டால்தான் வரும். வந்தால் இருபது முப்பது வருஷம் சத்தமில்லாமல் இருந்து ஈரலைத் தின்னும். தடுப்பூசி கிடையாது, ஆனால் கண்டுபிடித்தால் மூன்று மாதம் மாத்திரையில் போய்விடும். "அதனாலதான் பாட்டி பழைய ஆளுங்கள எல்லாம் பாக்கறோம். உங்க மேல தப்புன்னு சொல்லலை" என்றாள். என் விரலில் குத்திப் பார்த்தாள். எனக்கு இல்லை.

வெளியே வந்தேன். வரிசையில் அடுத்து நின்றுகொண்டிருந்தவள் என்னோடு வந்த அவள்தான்.

"இன்னா யக்கா கேக்கறாங்க உள்ள?"

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இவளுக்கு இருந்தால் யார் போட்ட ஊசி என்று கேட்பார்கள். தெருவே என் வீட்டைக் காட்டும். இதுதான் எனக்குத் தோன்றியது. அவள் ஈரல் எனக்குத் தோன்றவில்லை.

"சும்மா சுகரு பாக்கறாங்க. நீதான் போன வாரம் பாத்தியே. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கற, வா போவலாம்" என்று கையைப் பிடித்தேன். அவளும் வந்துவிட்டாள். வழியில் எனக்கு ஒரு மோர் வாங்கிக் கொடுத்தாள்.

ஒன்றரை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குக் கால் வீங்கியது, உப்பைக் குறைக்கச் சொன்னேன். வயிறு வீங்கியது, கூடை தூக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்தாள். கடைசியில் மகன் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அந்தக் கிருமிதான் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை கொடுத்தால் கிருமி போகும், ஆனால் ஈரல் கெட்டியாகிவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்களாம்.

இதை அவன் சொன்ன அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் அவள் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், இரண்டு பாட்டு, முகாம், ஒன்றும் விடவில்லை.

அவள் சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஊசிக்கு உன்ன நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் யக்கா. நானாத்தான் வந்து வந்து போட்டுகினேன். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனா அன்னிக்கி உனக்குத் தெரியும். வரிசைலேந்து என் கைய புடிச்சி இட்டுகினு வந்தியே, அதுக்கு இன்னா சொல்லப் போற?"

நான் முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

"அயாத" என்றாள். "கிளினிக்குல எனக்கு முன்னால நின்னவங்க, பின்னால நின்னவங்க எல்லாம் இருக்காங்க இல்ல? அவங்க வூட்டுக்குப் போயி சொல்லு. பெருசா பீத்திகினு இருந்த இல்ல, அதே வாயால சொல்லு."

சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்கால் வலியோடு நாளைக்கு இரண்டு வீடுதான் முடிகிறது. "நான்தான் உனக்கு ஊசி போட்டவ, போயி ரத்தத்தைப் பாத்துக்கோ" என்பேன். சிலர் சிரித்தார்கள். படகு வைத்திருக்கிற ஒரு பெரியவர், "உன்ன நம்பித்தானே கைய நீட்டுனோம்" என்று வாசலிலேயே கதவைச் சாத்தினார். ஆனால் மறு வாரம் அவரே போய்ப் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கிருமி இருக்கிறது, ஈரல் இன்னும் கெடவில்லை, மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். என்னைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அவளுக்குக் கிருமி போய்விட்டது. ஈரல் பழையபடி ஆகவில்லை, ஆகுமா என்றும் தெரியவில்லை. செங்கல்பட்டுக்குப் போகும்போதெல்லாம் நான்தான் துணை. வர வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. பஸ்ஸில் பேச மாட்டாள். ரத்தம் எடுக்கிற இடத்தில் மட்டும் நர்சிடம், "என் கண்ணு முன்னால பிரிம்மா" என்பாள். அந்தப் பெண் புது ஊசியின் உறையைக் கிழிக்கிறவரை காத்திருப்பாள். ஊசியை அவள் பார்ப்பதே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.