மேல்நுனி ஒன்பது மில்லி

எங்கள் அப்பா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். தோசை கருகினால் "ரிஜெக்ட்" என்பார். "அப்போ நீயே சுட்டுக்கோய்யா" என்பார் அம்மா. இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் நான் வில் கேட்டேன். பள்ளியில் இருந்தது ஒரே வில். அதனால் சொந்த வில் வைத்திருப்பவர்களைத்தான் திங்கட்கிழமை வில்வித்தை அணித் தேர்வில் நிறுத்துவேன் என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். அந்த அணியில் சேராவிட்டால் உயிரே போய்விடும் என்று நினைத்தேன்.

பழைய கட்டிலின் தேக்குச் சட்டம் ஒன்று பரணில் கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்து மாலை மாலையாக அதை இழைத்தார் அப்பா. இரண்டு நுனிகளையும் இட்லிக் குண்டான் ஆவியில் காட்டி, காலி கேஸ் சிலிண்டர்மேல் வளைத்துக் கட்டி, முன்பக்கமாகத் திரும்பி நிற்க வைத்தார். "நாளைக்கு இட்லிக்கு இன்னா பண்றது?" என்று அம்மா கத்தியது எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

நுனி மெலிந்தால் அம்பு வேகமாகப் போகும். ரொம்ப மெலிந்தால் முறுக்கிக்கொள்ளும். எனவே வெர்னியர் அளவுகோல் வைத்து இரண்டு நுனியும் பன்னிரண்டு மில்லி தடிமன் என்று அளந்து, என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிக் கையெழுத்தும் வைத்தார். வீட்டு வில்லுக்கு ஒரு செக் ஷீட்!

"இதுக்கு மேல கை வெக்காதம்மா, ஸைஸ் கரெக்டா கீது," என்றார்.

போனில் நான் பார்த்த வில்லின் நுனியோ ஒல்லியாக, அவ்வளவு அழகாக இருந்தது. சனிக்கிழமை அவர் ஓ.டி.க்குக் கிளம்பியதும் உப்புத்தாளை எடுத்து மேல்நுனியைத் தேய்த்தேன். கை வலித்துவிட்டதால் கீழ்நுனியை அப்படியே விட்டுவிட்டேன். தேய்த்த இடம் வெளுத்துத் தெரியக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் தடவிவைத்தேன். என்ன சாமர்த்தியம்!

ஞாயிறு காலை அப்பா எதிரில் நாணை இழுத்தேன். மேல்நுனி ஒரு பக்கமாகத் திரும்ப, நாண் நழுவி, மரம் பட்டென்று பிளந்தது. அப்பா நுனியை விரலால் தடவினார். முகர்ந்தும் பார்த்தார்.

"என் மேலதாம்மா தப்பு. அளவு கம்மியா வெச்சிட்டேன்," என்றார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கு வந்தார். வில் எங்கே என்று சார் கேட்டதும் நான் முந்திக்கொண்டேன்: "எங்க அப்பா தப்பா அளந்துட்டாரு சார்!"

"ஆமா சார், என் மிஸ்டேக்தான். ஸ்கூல் வில்லக் குடுத்துப் பாருங்க சார், பாவம், புள்ள ஆசையா கீது," என்று அப்பா கைகூப்பினார். சார் மனமிரங்கினார். மூன்று அம்பில் ஒன்று பலகையில் பட்டது. கடைசி ஆளாக அணியில் சேர்ந்தேன்.

இப்போது நானும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங்கில்தான் இருக்கிறேன். போன மாதம் அப்பாவின் வெர்னியரைத் தேடியபோது அந்தக் கணக்கு நோட்டு அகப்பட்டது. வெள்ளி: மேல்நுனி 12, கீழ்நுனி 12. அதன் கீழே, ஞாயிறு: மேல்நுனி 9, கீழ்நுனி 12. பக்கத்தில் அவர் கையெழுத்து. காரணம் எழுதவேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

எங்கள் லைனில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் ஷீட்டை முகத்திலேயே திருப்பி அடிப்பார்கள். அப்பாவுக்கு அது தெரியாதா? அன்று மைதானத்தில், கைகூப்பி நின்றவரைப் பார்த்து நான் நினைத்தது இதுதான்: பாவம், அப்பாவுக்குச் சரியாக அளக்கத் தெரியவில்லை.