முனிகிருஷ்ணன் பெயருக்கு முன்னால்

என் அக்கா சரசுவின் கணவர் முனிகிருஷ்ணன் அடுப்பு ஒன்றைத் தவிர வேறெதற்கும் பயந்ததில்லை. ஜோகுபாளையத்தில் அவர் வெளியே போவதென்றால் மூன்று தடவை கிளம்ப வேண்டும். தெருமுனை வரை போவார், நின்று யோசிப்பார், ஸ்டவ்வை அணைத்தோமா என்று திரும்பி ஓடுவார். அக்கா தெருமுனையில் நின்றபடி வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டுவாள். எண்பத்தொன்பதில் இராக்கிலுள்ள ஒரு கட்டுமானக் கம்பெனியின் முகாமுக்குச் சமையல்காரராகப் புறப்பட்ட அன்றும், கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. மனிதர் ரயிலை ஓடிப்போய்ப் பிடித்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் சமையல். தான் வடித்த சோறு குழைந்ததாகச் சரித்திரமே இல்லை என்று மார்தட்டுவார். நான் இரண்டு தடவை குழைந்த சோறே சாப்பிட்டிருக்கிறேன். அதை வாய் தவறிச் சொன்னதால் ஒரு மாதம் என் தட்டில் கறித்துண்டு விழவில்லை. மகள் சங்கமித்ராவின் கல்யாணத்துக்கு வேறு எவனும் கரண்டி பிடிக்கக்கூடாது என்று, அவள் ஒன்றாவது படிக்கும்போதே உத்தரவு போட்டுவிட்டார்.

தொண்ணூற்றொன்று ஜனவரியில் அங்கே குண்டு விழத் தொடங்கியது. இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியிலிருந்து தட்டச்சு செய்த ஒரு கடிதம் வந்தது. குண்டுவீச்சில் இறந்துவிட்டார், வருந்துகிறோம், அவ்வளவுதான். உடலும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை.

"கடுதாசி யார் வேணா அடிக்கலாம். பாத்தவங்க வாயால நான் கேக்கணும்" என்றாள் அக்கா. பொட்டை எடுக்கவில்லை, போட்டோவுக்கு மாலை போடவில்லை. இரண்டாயிரத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சரிடம், குடும்பத் தலைவர் முனிகிருஷ்ணன், வேலைக்குப் போயிருக்கிறார் என்று கூசாமல் எழுத வைத்தாள்.

பார்த்தவர்களை அவள் தேடவுமில்லை. முனிகிருஷ்ணன் மாமாவின் கடைசிக் கடிதத்திலேயே, முகாமில் லிங்கராஜபுரத்து நர்ஸ் ஜூடித் என்று ஒருத்தி இருக்கிறாள், சாம்பாரில் காரம் அதிகம் என்று தினமும் சண்டை போடுகிறாள் என எழுதியிருந்தார். லிங்கராஜபுரம் எங்களுக்கு ஒரு பஸ் தூரம். தேடினால் ஆள் கிடைத்துவிடுமே என்று அக்காவுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் சங்கமித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையில் பெண்ணின் அப்பா பெயர் வர வேண்டுமே. அச்சகத்துக் கோவிந்தப்பா, பெயருக்கு முன்னால் 'அமரர்' போடணுமா, பேடவா என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகக் கேட்டார். அக்கா மாதிரித் தாளை வாங்கிவந்து டிவி மேல் கவிழ்த்து வைத்தாள். நான்கு நாள் அது அப்படியே கிடந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

"அப்பா இருக்காரா இல்லையான்னே தெரியாம நான் எப்படி மாமா மணையில உக்கார்றது?" என்று கேட்டாள் சங்கமித்ரா. தாய்மாமன் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு அது செருப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே லிங்கராஜபுரம் போனேன். சர்ச் வாசலில் நின்று, இராக்கில் வேலை பார்த்த நர்ஸ் ஜூடித்தைத் தெரியுமா என்று வெளியே வந்தவர்களையெல்லாம் கேட்டேன். மூன்றாவதாகக் கேட்ட அம்மாள் ஜூடித்தின் வீட்டையே காட்டிவிட்டார். நான் ஜோகுபாளையம் என்றதுமே ஜூடித் எழுந்து நின்றுவிட்டார். "அடுப்பு மாஸ்டர் வூடா?" என்றார். எனக்கு அதற்கு மேல் எந்த அத்தாட்சியும் தேவைப்படவில்லை. விலாசம் தெரியாமல் பன்னிரண்டு வருஷம் மனசில் வைத்திருந்தாராம். அன்றைக்கே என்னோடு பஸ் ஏறிவிட்டார்.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று மத்தியானம் சைரன் ஊதியிருக்கிறது. முகாமிலிருந்த நாற்பது பேரும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார்கள். மாமாவும் இறங்கினார். இறங்கியவர் இரண்டு நிமிஷம் நெளிந்தார். சோறு போனால் போகிறது என்று ஜூடித் சட்டையைப் பிடித்து இழுத்தும், இதோ வந்துவிட்டேன் என்று மேலே ஏறிப் போனார். திரும்பி வரும்போதுதான் முற்றத்தில் குண்டு விழுந்தது. சங்கமித்ரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அக்கா அழவில்லை.

"அடுப்ப அணைச்சாரா?"

"அணைச்சிட்டாருக்கா. கிச்சனுக்கு ஒண்ணும் ஆகல. வடிச்சு மூடி வெச்சிருந்தாரு. சாயங்காலம் நாங்க நாப்பது பேரும் அழுதுகினே அந்தச் சோத்தத்தான் துன்னோம்."

"கொழஞ்சிருந்துச்சா?"

"இல்லக்கா. பதமா இருந்துச்சு."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் உடைந்துபோய் ஜூடித்தின் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் காலையில் அவளே மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு என்னோடு அச்சகத்துக்குக் கிளம்பினாள். 'அமரர்' போட வேண்டும், பெயருக்குப் பின்னால் 'சமையல் மாஸ்டர்' என்றும் போட வேண்டும், அதைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். தெருமுனையில் சட்டென்று நின்றாள்.

"இருடா, கேஸ மூடினேனா தெரியல" என்று வீட்டுக்குத் திரும்பினாள்.

நான் தெருமுனையிலேயே நின்றேன். திட்டவில்லை.