அண்ணி பெயிண்ட் அடித்த உத்தரம்

என் வீட்டுக்காரரைத் தெருவில் 'மர டாக்டர்' என்பார்கள். ஈரம் ஏறிய வீடுகளில் மக்கிப்போன மரத்தை மாற்றுவது அவர் தொழில். திருப்புளியின் பிடியால் தட்டுவார், காதை வைப்பார், உள்ளதைப் போட்டு உடைத்துவிடுவார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே என் அப்பாவிடம், "உங்க வாசல் நிலை செத்துப்போச்சு" என்றவர். அப்படியும் கட்டிக்கொண்டேன் என்றால் என் துணிச்சலைப் பாருங்கள்.

போன மழைக்காலத்தில் அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, எங்களைக் கூப்பிட்டார். சமையலறை உத்தரத்தில் பெயிண்ட் உப்பியிருந்தது. அண்ணியின் கணவர், காலமான அத்தான், தன் கையால் இழைத்துப் போட்ட உத்தரம் அது. அவர் போன பிறகு அண்ணி வருஷம் தவறாமல் ஏணியில் ஏறி அதற்குப் பெயிண்ட் அடித்துவந்தார். வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

இவர் திருப்புளியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் பிடி வரை இறங்கியது. பெயிண்டை உரித்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. மரம் கட்டம் கட்டமாக வெடித்து, விரல் பட்டதும் தூளானது. சுவரிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அத்தனை பூச்சுக்கும் அடியில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. எனக்கே புரிந்துவிட்டது.

ஏணியைப் பிடித்திருந்த அண்ணி கேட்டார்: "நான் பெயிண்ட் அடிச்சதாலயாடா?"

இந்த மனுஷனுக்குப் பொய் வராதே! ஆமாம் என்றால் அண்ணி நொறுங்கிப்போவார். இல்லை என்றால் புது உத்தரத்துக்கும் டப்பாவும் கையுமாக ஏறுவார்.

"புதுசுக்குப் பெயிண்ட் வேண்டாம்கா, துணியால துடைச்சுவிடு, போதும். இது உன்னால இல்ல. அத்தான் சரியா காயாத மரத்தைப் போட்டுட்டாரு. அவசரம்."

அத்தானாவது, காயாத மரமாவது! இவருக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஈர மரத்தைத் தொட்டால் கையிலேயே போடுவாராம். அவர் தலையில் பழியைக் கட்டிவிட்டு இவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவமாக இருந்தது எனக்கு.

அண்ணி உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா? எதுலயும் அவசரம் அந்த மனுஷனுக்கு. போறதுலயும் அவசரம். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா?"

அத்தான் இறந்ததிலிருந்து அவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லாத அண்ணி, அன்று மூச்சுவிடாமல் திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். நாங்கள் இருவரும் தடுக்கவில்லை.