மறுபக்கத்திலும் நீலாம்பரி

தொண்ணூறுகளில் பாண்டி பஜாரில் நான் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுத்துவந்தபோது ஒரு பெரியவர் வந்தார். பேச்சுக்கு நடுவே கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார். மகள் வெளிநாட்டிலிருந்து வெள்ளை ஒயின் கொண்டுவந்திருந்தாளாம்.

"பூச்சிமருந்தே அடிக்காத திராட்சையாம். பூச்சியையே ஒண்ணும் பண்ணலை, என்னை என்ன பண்ணிடப் போறது? அசதி போகணும். அதைக் குடிச்சுண்டே கேக்க ஒரு ராகம் சொல்லுங்கோ."

நின்று நின்று எனக்கும் கால் கடுத்தது. யோசிக்காமல் தாலாட்டு ராகமான நீலாம்பரியை ஒரு பக்கம் பதிந்து கொடுத்தேன்.

மறுவாரம் அதே கேசட்டோடு வந்தார். ஒயின் எப்படி என்றேன்.

"பாட்டைப் போட்டுட்டுத் தக்கையைத் திருகிண்டிருந்தேன், தூங்கிட்டேன். டேப் நின்ன சத்தத்துல முழிப்பு வந்துடுத்து. மறுபக்கமும் இதையே பதிஞ்சு தாங்கோ."

அந்தத் தக்கை பிறகாவது திறந்ததா, தெரியாது. இன்றும் கொட்டாவி வந்தால் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.