எருமப்பட்டியில் நின்ற ரோமன் தூண்கள்

சிமென்டில் ரோமன் தூண் போட்டுத் தருவது என் தொழில். ரோமாபுரியில் பளிங்குக்கல் பாரம். நம் பக்கம் வீட்டுக்காரர் யோசனைதான் பாரம் என்பது சக மேஸ்திரிகளான உங்களுக்குத் தெரியும்.

அஸ்தம்பட்டி இன்ஜினியர் ஒருவரிடம் பூச்சு வேலை பார்த்துவந்த நான் தனியாக எடுத்த முதல் முகப்பு, எருமப்பட்டிக் கோழிப்பண்ணைக்காரர் வீடு. பிளான் அதே இன்ஜினியருடையது. சொதப்பினால் மறுபடி அவரிடமே கரண்டி பிடிக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது தூண்

பிளானில் நான்கு தூண். வீட்டுக்காரர் ஐந்து கேட்டார். படியை ஒற்றைப்படையில் வைக்கிறோமே, தூணுக்கு மட்டும் என்ன ரெட்டைப்படை என்பது அவர் கட்சி. ஐந்து போட்டால் நடுத்தூண் தலைவாசலை மறைக்கும். சொன்னால் கேட்கிற ஆளா? தரையில் ஐந்து வட்டம் போட்டு, நடு வட்டத்தில் நானே நின்றுகொண்டேன். போன் பேசிக்கொண்டே உள்ளிருந்து வேகமாக வந்தவர் என்மேல் நன்றாக மோதினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “நாலே போதுமுங்க மேஸ்திரி. அஞ்சாவது வேணும்னா உங்களையே நிறுத்திக்கறேன்.”

முள்ளிலை

ரோமன் தூணின் தலையில் இலைக்கொத்து வரும். அது என்ன இலை என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். ஏதோ முள்ளுச்செடி என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். “ஏனுங்க, முள்ளப் போயி யாராச்சும் ஊட்டு வாசல்ல வெப்பாங்களா? மாவெல வெய்ங்க சாமி!”

தீர்ப்பு

அவர்கள் தோட்டத்து மாவிலையையே களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, நான்கு தலைகளும் வார்த்தேன். ஏற்றிப் பார்த்தபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது. புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்தார். “இது ரோமனே இல்ல. ஒடச்சுட்டு வேற போடு” என்றார்.

மோர் கொண்டுவந்த அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: “ரோமாபுரிக்காரங்க அவங்க ஊர்ச் செடிய வெச்சாங்க. நாங்க எங்க தோட்டத்து எலைய வெச்சிருக்கறோமுங்க. இதுல ஒடைக்க என்ன இருக்குது?”

இன்ஜினியர் மோரைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவரே போன் செய்தார்: “ராசிபுரத்துல ஒரு கல்யாண மண்டபம், பன்னெண்டு தூண். அந்த மாவெல அச்சு பத்திரமா இருக்குதுங்களா மேஸ்திரி?”

பல வருடம் ‘டேய்’ என்று கூப்பிட்டவர் வாயில் ‘ங்க’ வரவழைக்க எனக்கு ரோமாபுரி வரைக்கும் போக வேண்டியிருந்தது.