உண்ணாமலை பெயர் வைத்த ஃபோல்டர்

அன்று காலை உண்ணாமலையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. “லாகின் பக்கத்தை நான் பாத்துக்கறேன். நீங்க அதுல கைய வெக்காதீங்கண்ணா, புண்ணியமாப் போவும்.” சிரித்துவிட்டு, பதில் எழுதாமல் குளிக்கப் போனேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவருடைய கணவர் குமரேசன் அழைத்தார். “சார், உண்ணா எழுந்திரிக்க மாட்றா சார்” என்றார். மயக்கமாக இருக்கும், முகத்தில் தண்ணீர் தெளியுங்கள், வண்டியைக் கூப்பிடுங்கள் என்று ஏதேதோ சொன்னேன். நான் பைக்கில் அவர்கள் ஊரான அடி அண்ணாமலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

மாரடைப்பு என்றார்கள். நாற்பதைத் தொடாத, தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத ஒருவருக்கு மாரடைப்பு. மேசையில் பாதி குடித்த டீ இருந்தது. பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது. உறவுக்காரர் ஒருவர் வந்து அதை மூடினார். ‘மூடாதீங்க, வேலை பாதியில இருக்குது’ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு இன்னும் விளங்கவில்லை. காலையில் என்னைக் கேலி செய்தவர் அதே காலையில் எப்படி இல்லாமல் போக முடியும்? இதை எழுதும்போதுகூட ‘சொன்னார்’ என்பதற்குப் பதில் ‘சொல்கிறார்’ என்றே கை எழுதுகிறது. அழித்து அழித்துத் திருத்துகிறேன்.

உண்ணாமலையை அறிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஓர் அறை. அதில் நானும் அவரும். அதுதான் எங்கள் கம்பெனி. சிறு கடைக்காரர்களுக்கும் தையல்காரர்களுக்கும் போனில் பயன்படுத்தும் செயலிகள் செய்து தருகிறோம். பௌர்ணமியன்று அவர் வீடு இருக்கும் கிரிவலப் பாதையில் வண்டி ஓடாது என்பதால் நான் அவருக்கு விடுமுறை கொடுத்துவிடுவேன். அவர் கேட்க மாட்டார். கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்துவிடுவார். “புண்ணியமும் ஆச்சு, ஆபீசும் ஆச்சு. உங்களுக்கு ரெண்டுமே கம்மி” என்பார். நான் முன்கோபி. அவர் மட்டும்தான் என் கோபத்துக்குப் பயப்படாதவர்.

எங்களுக்குள் நடந்த பெரிய சண்டை சர்வரைப் பற்றியது. தையல்காரர்களுக்கான செயலியைத் தொடங்கியபோது, எல்லாருடைய தகவலையும் நாமே ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்றேன். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் செய்கிறது. அவர் தலையை ஆட்டினார். “ஊர்ல இருக்கற பொம்பளைங்க ஜாக்கெட் அளவெல்லாம் உங்க சர்வர்ல எதுக்குண்ணா? கேக்கவே நல்லாவா இருக்குது?” எனக்குச் சிரிப்பும் வந்தது, கூச்சமும் வந்தது. அவர் விடவில்லை. “பௌர்ணமிக்கு செருப்பு பாத்துக்கற கடைக்காரன் மாதிரி ஆயிடுவோம். ஊர் செருப்பு பூரா நம்ம தலையில. ஒண்ணு காணாம போனாலும் நம்ம சட்டையதான் புடிப்பாங்க.”

அவர் சொன்ன வழி இதுதான். போனில் எடுக்கும் படங்கள் தானாகப் போய்ச் சேர்கின்றன அல்லவா, அந்தக் கிளவுட் கணக்கு இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. தையல்காரர் எழுதும் அளவு அவருடைய கணக்கிலேயே ஒரு ஃபோல்டரில் போய் உட்காரட்டும். நம்மிடம் எதுவும் வேண்டாம், நாம் நினைத்தாலும் திறந்து பார்க்க முடியக் கூடாது. “பீரோ அவங்க வீட்ல இருக்கட்டும். நாம கதவு மட்டும் செஞ்சு குடுப்போம். சாவி கூட நம்மகிட்ட வேணாம்” என்றார். வாரக்கணக்கில் வாதாடினோம். கடைசியில் அவர் சொன்னபடிதான் செய்தோம். அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இருந்தால் கை தூக்கலாம்.

கீழ்பென்னாத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் வசந்தா அக்காதான் எங்கள் முதல் வாடிக்கையாளர். ஒருநாள் அவருடைய கணவர், கணக்கில் இடமில்லை என்று போனில் வந்ததைப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துப் பெருக்கிவிட்டார். எங்கள் ஃபோல்டருக்கு நான் வைத்திருந்த பெயர் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. குப்பை என்று நினைத்து அதையும் அழித்துவிட்டார். அக்கா பஸ் ஏறி நேரே எங்கள் அறைக்கு வந்து நின்றார். “தீபாவளித் துணி எல்லாம் வந்து கெடக்குது. இப்ப நான் இன்னா பண்றது? ஒவ்வொருத்தி வூட்டுக்கா போயி டேப் புடிக்கறது?”

நம்மிடம் நகல் இருந்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்று உண்ணாமலையைப் பார்த்தேன். அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் போனை அவர் கையிலேயே கொடுத்து, கணக்கிலுள்ள குப்பைத்தொட்டியை அவரையே திறக்கச் சொன்னார். அழித்தவை சில நாட்கள் அங்கே கிடக்கும். கிடந்தன. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். “நான் ஒண்ணும் பண்ணலக்கா. உங்க பொருள் உங்ககிட்டயேதான் இருந்துச்சு” என்றார் உண்ணாமலை. அன்று மாலையே ஃபோல்டரின் பெயரை மாற்றினார். அதற்கு அவர் வைத்த பெயர், ‘அழிச்சிடாதீங்க’. செயலிக்கு இப்படியா பெயர் வைப்பார்கள் என்று நான் குதித்தேன். “புரியுதில்ல? அப்ப அதான் பேரு” என்று முடித்துவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். கணக்குக்கு உரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொருள் பூட்டியே கிடக்குமே என்று, செயலியில் ஒரு பக்கம் வைத்தார். ‘உங்கள் வீட்டில் ஒருவருக்காவது சாவி கொடுத்து வையுங்கள்’ என்று அது கேட்கும். சாவி என்றால் கணக்கைத் திறக்கும் வழி. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘சரி’, ‘பிறகு’. பிறகு என்று எதற்கு, எல்லாரும் அதைத்தான் அமுக்குவார்கள் என்றேன். “சாவு சமாச்சாரத்துல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுண்ணா” என்றார்.

அவர் போன மறுநாள் முதல் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வசந்தா அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். “கேக்கவே நாக்கு வர்ல தம்பி. செஞ்ச பொண்ணே போயிடுச்சு. எங்க அளவெல்லாமும் போயிடுமா?” போகாதுக்கா, உங்களிடம்தான் இருக்கிறது என்றேன். அக்கா அழ ஆரம்பித்தார். ஒருவருடைய பொருளும் காணாமல் போகவில்லை. அதைச் செய்தவர்தான் காணாமல் போனார். இதை எங்கே போய்ச் சொல்வது?

காரியமெல்லாம் முடிந்தபின் குமரேசன் அறைக்கு வந்தார். உண்ணாமலையின் போனை மேசைமேல் வைத்தார். “பாப்பா அவங்க அம்மா குரல கேக்கணுங்குது சார். எங்க தேடினாலும் இல்ல” என்றார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உண்ணாமலைக்குக் குரல் பதிவு அனுப்புவது பிடிக்காது, எல்லாவற்றையும் தட்டச்சு செய்தே அனுப்புவார். கல்யாண வீடியோவில் ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு போட்டு நிரப்பியிருக்கிறார்கள், மணமக்கள் வாயசைப்பது மட்டும் தெரிகிறது. வீட்டில் எடுத்த வீடியோக்கள் எல்லாம் அவர் கணக்கில் இருக்கின்றன. போன் பூட்டியிருக்கிறது. கணக்கும் பூட்டியிருக்கிறது. “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுதானே சார். தொறக்க வழி இருக்குமில்ல?”

இல்லை. யாருடையதையும் திறக்க முடியாதபடிதான் நாங்கள் வேலை செய்திருந்தோம், அவருடைய கணக்கோ எங்கள் செயலிக்கும் அப்பாற்பட்டது. கிளவுட் நிறுவனத்துக்குச் சான்றிதழ்களோடு எழுதிக் கேட்கலாம், கொடுத்தாலும் கொடுப்பார்கள், கொடுக்காமலும் போகலாம் என்றேன். உங்கள் பெயரை எங்கேயாவது கொடுத்து வைத்தாரா என்று கேட்டேன். குமரேசன் கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான்தான் கேட்டேன் சார், ஊருக்கெல்லாம் சொல்றியே, எனக்கு ஒரு சாவி குடுன்னு. அப்புறம் பாத்துக்கலாம்னு சிரிச்சா.”

எனக்கு வந்தது துக்கமா கோபமா என்று தெரியவில்லை. கோபம்தான். எதிரே இருந்திருந்தால் கத்தியிருப்பேன். ஊரிலுள்ள தையல்காரர்களுக்கெல்லாம் புத்தி சொன்னவர், தன் முறை வந்தபோது ‘பிறகு’ என்று சொல்லிவிட்டார்.

பிறகு ஒரு மத்தியானம். என் கணக்கில் இடம் நிரம்பிவிட்டது, எதையாவது நீக்குங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. செயலிகளைச் சோதித்துப் பார்ப்பது எப்போதும் என் கணக்கில்தான் என்பதால் குப்பை சேர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனேன். பழைய சோதனை, பழைய சோதனை, பழைய சோதனை. அடுத்த ஃபோல்டரின் மேல் விரல் போனது. அதன் பெயர், ‘அழிச்சிடாதீங்க’.

விரலை எடுத்துவிட்டேன். தையல்காரர் கையில் டேப் இருக்கும்போது தட்டச்சு செய்ய முடியாது, வாயால் சொன்னால் குரலோடு பதிவாக வேண்டும் என்று ஒரு வசதி செய்திருந்தோம். அதைச் சோதித்தபோது லேப்டாப் என்னுடையது, பேசியவர் உண்ணாமலை. யாருடைய கணக்கோ அவரிடமே போய்ச் சேரும் என்பது அவர் போட்ட விதி. அதனால்தான் அந்தப் பதிவு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. திறந்தேன்.

“உயரம் பதினாலு. தோள் பதினாலரை. கை நீளம்... அண்ணா, கேக்குதா? கேக்கலன்னா கையத் தூக்குங்க.” அப்புறம் சிரிப்பு. அந்தப் பக்கம் நான் எரிந்து விழுவதும் கேட்கிறது.

நாற்காலியிலேயே இருந்தேன். மருந்துக் கடைக்காரர் மேலே வந்து என்னங்க ஆச்சு என்று கேட்கும்வரை நான் அழுதது எனக்கே தெரியாது.

அன்றே அடி அண்ணாமலைக்குப் போனேன். குமரேசனும் மகள் யாழினியும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பதிவைப் போட்டேன். ‘கேக்கலன்னா கையத் தூக்குங்க’ என்று அவர் குரல் சொல்லி முடித்ததும் யாழினி கையைத் தூக்கினாள். குமரேசன் பதறிப்போய், “கேக்கலயாமா?” என்றார். “கேட்டுச்சுப்பா” என்றாள். கையை இறக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் தூக்கினாள். எத்தனை முறை போட்டேன் என்று நான் எண்ணவில்லை.

பதிவை யாழினியின் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு நகலை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று அவளிடம் கேட்டேன். உண்ணாமலை இருந்திருந்தால் கேட்காமல் வைக்க விட்டிருக்க மாட்டார். “வெச்சுக்கங்க மாமா. ஆனா அழிச்சிடாதீங்க” என்றாள். அவள் அம்மா அந்த ஃபோல்டருக்கு வைத்த பெயர் அவளுக்குத் தெரியாது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு ஃபோல்டர். இடம் நிரம்பிவிட்டது என்று இன்றும் மின்னஞ்சல் வந்திருக்கிறது. வேறு எதையாவது அழித்துக்கொள்கிறேன்.